ஐந்து பாடல்கள், பதினைந்து தடங்கள்: ஹாலிவுட் ரோஸின் 1984 டெமோ

கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற ராக் குழுவின் பெயர் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1984 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஹாலிவுட் ரோஸ் என்ற கிளாம் மெட்டல் குழு ஐந்து பாடல்களை டெமோவாக, அதாவது வாய்ப்புத் தேடிக் கொடுக்கும் மாதிரிப் பதிவாக, பதிவு செய்தது. அந்தப் பதிவு இருபது ஆண்டுகள் கழித்து, 2004இல், கிளியோபாட்ரா நிறுவனத்தின் வழியாக ‘தி ரூட்ஸ் ஆஃப் கன்ஸ் அண்ட் ரோஸஸ்’ என்ற தலைப்பில் குறுந்தகடாக வெளிவந்தது. தடங்கள் பதினைந்து, பாடல்கள் ஐந்துதான். முதல் ஐந்து தடங்களில் டெமோ உள்ளது உள்ளபடி இருக்கிறது. அடுத்த ஐந்தில் அதே பாடல்களை கில்பி கிளார்க் ரீமிக்ஸ் செய்திருக்கிறார். கடைசி ஐந்தில் அதே வேலையை ஃப்ரெட் கூரி செய்திருக்கிறார். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ஐந்து தடங்களுக்காக இந்தத் தகட்டைத் தாராளமாக வாங்கலாம், மீதிப் பத்துக்காக வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

இந்த டெமோவை எடைபோட, அது பதிவான நேரத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 1983 நவம்பரில், அதே ஊரைச் சேர்ந்த குவயட் ரயட் குழுவின் ‘மெட்டல் ஹெல்த்’ அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்திருந்தது. ஹெவி மெட்டல் என்ற அடையாளத்தோடு அந்த இடத்தை எட்டிய முதல் ஆல்பமாக அது பேசப்படுகிறது. அதே ஆண்டு மே மாதம் சான் பெர்னார்டினோவில் நடந்த யு.எஸ். ஃபெஸ்டிவலில் மெட்டல் குழுக்களுக்கென்று ஒரு முழு நாளே ஒதுக்கப்பட்டிருந்தது. செப்டம்பரில் மோட்லி குரூவின் ‘ஷவுட் அட் த டெவில்’ வந்தது. ராட் குழுவின் ‘அவுட் ஆஃப் த செல்லர்’ வெளிவரும் தறுவாயில் இருந்தது. சன்செட் ஸ்ட்ரிப் என்ற ஒரே சாலையில், விஸ்கி ஏ கோ கோ, ராக்ஸி, கசாரிஸ் போன்ற கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த குழுக்களை இசைத்தட்டு நிறுவனங்கள் தேடி வரத் தொடங்கிய காலம் அது. தலைமுடியைத் தூக்கிக் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, இறுக்கமான தோலாடையில் மேடையேறிய ஒவ்வொரு குழுவுக்கும் கையில் கொடுப்பதற்கு ஒரு கேசட் தேவைப்பட்டது. ஹாலிவுட் ரோஸின் ஐந்து பாடல்களும் அந்தத் தேவைக்காகப் பதிவானவையே தவிர, கடையில் விற்பதற்காக அல்ல.

குழுவில் இருந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடகர் ஆக்சல் ரோஸும் ரிதம் கிட்டார் வாசித்த இஸ்ஸி ஸ்ட்ராட்லினும் இண்டியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரிலிருந்து வந்தவர்கள். பள்ளி நாட்களிலிருந்தே நண்பர்கள். இஸ்ஸி 1980இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்துவிட்டார். ஆக்சல் சில முறை வந்து போன பிறகு 1982இன் இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். லீட் கிட்டார் வாசித்த கிரிஸ் வெபர் அப்போது பதின்ம வயதைக் கூடத் தாண்டாதவர். அவரை இஸ்ஸிக்கு அறிமுகப்படுத்தியவர் டிரேசி கன்ஸ்; பின்னாளில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற பெயரின் முதல் பாதி அவரிடமிருந்துதான் வந்தது. டிரம்ஸ் வாசித்தவர் ஜானி கிரைஸ். இந்தப் பதிவின்போது ஆக்சலுக்கும் இஸ்ஸிக்கும் 21 வயது. உலகம் அறிந்த கன்ஸ் அண்ட் ரோஸஸின் ஐவரில் இருவர் மட்டுமே இந்தத் தகட்டில் இருக்கிறார்கள் என்பதை வாங்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும். மற்ற மூவரான ஸ்லாஷ் (லீட் கிட்டார்), டஃப் மக்கேகன் (பேஸ்), ஸ்டீவன் அட்லர் (டிரம்ஸ்) இதில் ஒரு சுரம் கூட வாசிக்கவில்லை. தலைப்பைப் பார்த்து ஸ்லாஷின் கிட்டாரை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது உறுதி.

டெமோவைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ஆல்பத்தைக் கேட்பதுபோல் இதைக் கேட்கக் கூடாது. பணம் குறைவு, ஸ்டூடியோ நேரம் குறைவு. எனவே குழுவினர் அன்றாடம் மேடையில் வாசிக்கும் வேகத்திலேயே பாடலை வாசித்து, குரலையும் சோலோவையும் மட்டும் மேலே சேர்த்து, கணக்குப் பார்த்துவிட்டு வெளியேறுவார்கள். கிளப்பில் ஆள் பிடிப்பவரோ நிறுவனத்து அதிகாரியோ கேசட்டின் முதல் நிமிடத்தைத் தாண்டிக் கேட்பார் என்ற நம்பிக்கை எவருக்கும் இருக்காது. அதனால்தான் இத்தகைய பதிவுகளில் முன்னுரை வாசிப்புகள் சுருங்கிவிடும். பாடல் எடுத்த எடுப்பிலேயே ஓடத் தொடங்கும். பல்லவி சீக்கிரம் வந்து நிற்கும். ஹாலிவுட் ரோஸின் ஐந்து பாடல்களிலும் இந்த அவசரம் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே இத்தகட்டின் முதன்மையான சுவை.

ஐந்தில் மிகவும் செறிவானது ‘எனிதிங் கோஸ்’. இதே பாடல் மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1987 ஜூலையில் வெளியான கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் ஆல்பமான ‘அப்பட்டைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’இல் பதினோராவது தடமாக இடம்பெற்றது. இயற்றியவர்கள் பட்டியலில் வெபரின் பெயரும் இருக்கிறது. அந்த ஆல்பத்தை வரிக்கு வரி அறிந்தவர்கள் இந்த 1984 வடிவத்தைக் கேட்டால் முதலில் தடுமாறுவார்கள். பல்லவி தெரிந்ததாகவே இருக்கும். சரணங்களில் சொற்கள் வேறு, நடை வேறு. ஆல்பத்தில் அந்தப் பாடல் சற்றே பின்வாங்கி, தாளத்தில் சாய்ந்தபடி, ஒரு குறும்பான ஆட்டத்தோடு நகரும். டிரம்ஸும் பேஸும் பாடலை இழுத்துப் பிடித்திருப்பதால் கிட்டார்களுக்கு இடையே காற்று புகும் இடம் கிடைக்கும். டெமோவில் அந்தச் சாய்வு இல்லை. நேராக ஓடுகிறது. தாளம் முன்னால் தள்ள, கிட்டார்கள் அதைத் துரத்த, பாடகர் இரண்டையும் முந்தப் பார்க்கிறார். ஆல்பத்தில் ஸ்லாஷ், கிட்டார் ஒலியைக் குழாய் வழியே வாய்க்குக் கொண்டுசென்று பேச்சுப்போல் மாற்றும் டாக் பாக்ஸ் வழியாக வாசித்து அந்தப் பாடலுக்கு ஒரு வழுக்கலான குரலைத் தந்திருப்பார்; டெமோவில் அந்த இடத்தில் வெபரின் நேரடியான, விரல் வேகத்தைக் காட்டும் சோலோ இருக்கிறது. அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் கிட்டார் கலைஞர்கள் எல்லோரும் எட்டி வான் ஹேலனின் நிழலில் நின்றுதான் வாசித்தார்கள்; வெபரும் விலக்கல்ல.

இந்த ஒரு பாடலை இரண்டு வடிவங்களிலும் அடுத்தடுத்துக் கேட்டாலே கன்ஸ் அண்ட் ரோஸஸ் எப்படி உருவானது என்பதில் பாதி விளங்கிவிடும். பாடலின் எலும்புக்கூடு 1984லேயே தயார். ஆனால் அதைக் கொஞ்சம் மெதுவாக நடக்கவிடலாம், மெதுவாக நடந்தால் இன்னும் ஆபத்தாகத் தோன்றும் என்ற அறிவு அப்போது குழுவில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த அறிவு மக்கேகனும் அட்லரும் 1985இல் வந்து சேர்ந்த பிறகுதான் குழுவுக்குள் நுழைந்தது என்பது என் கணிப்பு. இசை வரலாறு எழுதுபவர்கள் பாடகரையும் கிட்டார் வாசிப்பவரையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த டெமோவைக் கேட்டால், அந்தக் குழுவை மற்ற குழுக்களிலிருந்து பிரித்துக் காட்டியது தாளப் பகுதிதான் என்று வாதாடத் தோன்றும்.

‘ரெக்லெஸ் லைஃப்’ பாடலுக்கும் நீண்ட பிற்கால வாழ்வு கிடைத்தது. 1986 டிசம்பரில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் தன் சொந்த லேபிளின் பெயரில் பத்தாயிரம் பிரதிகள் மட்டும் வெளியிட்ட நான்கு பாடல் தட்டின் முதல் பாடல் இதுதான். அந்தத் தட்டு மேடை நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு என்ற தோற்றத்தில் வந்தது. உண்மையில் ஸ்டூடியோவில் வாசித்து, கூட்டத்தின் ஆரவாரத்தை மேலே ஒட்டியது. 1988இல் ‘ஜி என் ஆர் லைஸ்’ வெளிவந்தபோது அந்த நான்கு பாடல்களும் அதன் முதல் பக்கமாயின. எனவே பெரும்பாலான ரசிகர்கள் இந்தப் பாடலை அறிவிப்பாளரின் முழக்கம், கூட்டத்தின் கூச்சல் ஆகியவற்றோடு சேர்த்தே அறிவார்கள். டெமோவில் அந்த ஒப்பனை எதுவும் கிடையாது. மேடையே இல்லாத இடத்தில், கேட்பவர் எவரும் இல்லாத நேரத்தில், குழுவினர் தங்களுக்குத் தெரிந்த அதிகபட்ச வேகத்தில் இதை வாசிக்கிறார்கள். போலியான ஆரவாரம் ஒட்டப்பட்ட வடிவத்தைவிட இந்த வடிவமே நேரடியானது என்று எனக்குப் படுகிறது. வாசிப்பின் கட்டுப்பாட்டில் 1986 வடிவம் பல படி மேலே நிற்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

‘ஷேடோ ஆஃப் யுவர் லவ்’ இந்த ஐந்திலும் அதிக வேகமானது. ஆக்சல், இஸ்ஸி ஆகியோரோடு இதை இயற்றியவர் பால் டோபயஸ், இவரும் லஃபாயெட்காரர், 1990களில் கன்ஸ் அண்ட் ரோஸஸிலேயே கிட்டார் வாசித்தவர். ஆகவே இந்தத் தகட்டில் இண்டியானாவின் மண் மிகுதியாக ஒட்டியிருக்கும் பாடல் இது எனலாம். குழுவின் மேடைகளில் பல ஆண்டுகள் இடம்பெற்றும் ‘அப்பட்டைட்’ ஆல்பத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. 1986இல் தயாரிப்பாளர் மைக் கிளிங்குடன் பதிவான வடிவம் 2018இல் அந்த ஆல்பத்தின் பெரிய பெட்டித் தொகுப்பு வெளியானபோதுதான் தனிப்பாடலாக முன்னிறுத்தப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டால் பாடலின் கட்டுமானம் பெரிதாக மாறவில்லை. மாறியது உச்சரிப்பு. 1986இல் ஒவ்வொரு சொல்லும் பல்லில் கடிபட்டு வெளியே வரும். 1984இல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுகின்றன. கேசட் காலத்து மங்கலும் அதற்குத் துணைபோகிறது. முதல் முறை கேட்கும்போது வரிகளில் பாதியைப் பிடிக்க முடிந்தால் அதிகம்.

‘கில்லிங் டைம்’, ‘ராக்கர்’ ஆகிய இரண்டும் கன்ஸ் அண்ட் ரோஸஸின் ஆல்பங்கள் எதற்கும் போகவில்லை. அதற்கான காரணம் கேட்டதுமே புரிகிறது. ‘ராக்கர்’ அந்த ஆண்டு சன்செட் ஸ்ட்ரிப்பில் எந்தக் குழு வேண்டுமானாலும் வாசித்திருக்கக் கூடிய பாடல். தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. ‘கில்லிங் டைம்’ அதைவிட மேல். அதில் ஒரு நல்ல ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பாடலைக் கட்டி முடிக்கும் பொறுமைதான் இல்லை. குழுவினரே பின்னாளில் இவற்றை ஒதுக்கியது சரியான முடிவு.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இத்தகட்டை வாங்குவது அதற்காகத்தான். ‘அப்பட்டைட்’ ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு ஆக்சல் ரோஸிடம் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் உண்டு என்பது தெரியும். இரண்டாவது தடமான ‘இட்ஸ் ஸோ ஈஸி’யில் அடிவயிற்றிலிருந்து வரும் தாழ்ந்த குரல், அதற்கு முந்தைய பாடலில் சைரன் போல ஏறும் கீச்சுக்குரல், ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ பாடலில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு சாரீரம். 1984 டெமோவில் இந்தப் பங்கீடு இன்னும் நடக்கவில்லை. ஏறக்குறைய முழு நேரமும் அவர் மேல் ஸ்தாயியிலேயே நிற்கிறார். இறங்கி வந்து மூச்சு வாங்கும் இடங்கள் அரிது. குரலின் கரகரப்பு ஏற்கெனவே இருக்கிறது, தொண்டையின் வலுவும் இருக்கிறது. எங்கே அடக்க வேண்டும் என்பதுதான் இல்லை. சில வரிகளின் முடிவில் அவர் சுருதியை விட்டு மேலே நழுவி, பிறகு அதைத் துரத்திப் பிடிப்பதைத் தெளிவாகக் கேட்கலாம். எந்தத் தயாரிப்பாளரும் மறுபடி பாடச் சொல்லியிருக்கக் கூடிய இடங்கள் இவை. எவரும் சொல்லவில்லை என்பதால் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பயிற்சி முடிந்த பாடகரிடம் இப்படிப்பட்ட தடயங்களைத் தேடினாலும் கிடைக்காது.

மற்றொரு கவனிப்பு. இக்குழுவைக் கிளாம் மெட்டல் என்று வகைப்படுத்துவது தோற்றத்தைப் பொறுத்தவரை சரி; புகைப்படங்களைப் பார்த்தால் வாதத்துக்கு இடமில்லை. ஒலியைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். இஸ்ஸி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்ததும் சேர்ந்த குழு ஒரு பங்க் குழு. அதில் அவர் வாசித்தது டிரம்ஸ். அந்தப் பின்னணி அவருடைய ரிதம் கிட்டாரில் ஒலிக்கிறது: நுணுக்கம் காட்டும் ஆசையின்றி, கீழ்நோக்கிய சீரான வீச்சுகளில் அவர் பாடலைத் தள்ளிக்கொண்டு போகிறார். வெபரோ மெட்டல் பக்கம் நிற்கிறார். ஒரே பாடலுக்குள் இந்த இருவரும் இரு திசைகளில் இழுப்பதைக் கேட்கும்போது, ராட், மோட்லி குரூ போன்றவர்களின் பளபளப்பிலிருந்து இந்தக் குழு ஏன் விலகிப் போனது என்பதற்கு விடை கிடைக்கிறது. பல்லவியில் பல குரல்கள் ஒன்றாக முழங்கும் இனிமை, எல்லோரும் கூடப் பாட ஏற்ற மெட்டு ஆகிய கிளாம் மெட்டலின் வணிகச் சரக்குகள் இந்த டெமோவில் மிகக் குறைவு.

இனி அந்தப் பத்துத் தடங்கள். கில்பி கிளார்க் 1991இல் இஸ்ஸி விலகியபோது அவருடைய இடத்தில் வந்தவர். ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ உலகச் சுற்றுப்பயணத்தில் வாசித்தவர். ஃப்ரெட் கூரி சின்டரெல்லா குழுவின் டிரம்ஸ் கலைஞர். 1987 டிசம்பரில் அட்லர் கையை உடைத்துக்கொண்டபோது சில நிகழ்ச்சிகளில் அவருக்குப் பதிலாக வாசித்தவர். இருவரும் கை தேர்ந்தவர்கள், குழுவின் வரலாற்றோடு தொடர்புள்ளவர்கள். விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைத்திருக்காது. ஆனால் ரீமிக்ஸ் என்பது ஏற்கெனவே பதிவான தடங்களின் சமநிலையை மாற்றுவதுதான். டிரம்ஸை முன்னே கொண்டுவரலாம், குரலைச் சுற்றி எதிரொலியைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், கிட்டாரை இடமும் வலமுமாகப் பிரித்து வைக்கலாம். அவசரமாக வாசித்ததை நிதானமாக வாசித்ததாக்க முடியாது. நழுவிய சுருதியைத் திருத்தினால் அப்புறம் அது 1984 அல்ல. ஆகவே இந்தப் பத்துத் தடங்களிலும் நாம் கேட்பது அரைத்த மாவையே அரைப்பதுதான். சில இடங்களில் வாத்தியங்கள் தனித்தனியாகத் தெளிகின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். குறிப்பாக இரண்டு கிட்டார்களும் என்ன செய்கின்றன என்பதைப் பிரித்தறிய விரும்பும் கிட்டார் மாணவர்களுக்கு அது ஓரளவு பயன்படும். மற்றவர்களுக்கு அந்தத் தெளிவு, பதிவின் வறுமையை இன்னும் வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. மூல டெமோவின் மங்கலில் எல்லாம் ஒரே திரளாக மோதுவதால் மறைந்துபோன தள்ளாட்டங்கள், துடைத்துவைத்த வடிவத்தில் பளிச்சென்று தெரிகின்றன.

ரீமிக்ஸ் என்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. மோட்லி குரூவின் முதல் ஆல்பமான ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’ 1981இல் குழுவின் சொந்த லேபிளில் வந்தது. அடுத்த ஆண்டு எலெக்ட்ரா நிறுவனம் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரைக் கொண்டு அதை ரீமிக்ஸ் செய்து மறுவெளியீடு செய்தது. எந்த வடிவம் மேல் என்ற சண்டை ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. ஆனால் அங்கே ரீமிக்ஸுக்கு ஒரு நோக்கம் இருந்தது: அதே காலத்தில், அதே குழுவை, பெரிய சந்தைக்குக் கொண்டுபோவது. இருபது ஆண்டுகள் கழித்து, குழுவே கலைந்துபோன பிறகு, டெமோவுக்கு அலங்காரம் செய்வதில் அப்படி எந்த நோக்கமும் இல்லை. ஐந்து பாடல்களைக் கொண்ட தட்டை முழு ஆல்பத்தின் விலைக்கு விற்க முடியாது என்ற கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வெளியீட்டின் நேரமும் அந்தக் கணக்கை உறுதிப்படுத்துகிறது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1993க்குப் பிறகு புதிய ஸ்டூடியோ ஆல்பம் எதையும் தராமல் இருந்தது. ‘சைனீஸ் டெமாக்ரசி’ 2008இல்தான் வந்தது. பசித்திருந்த ரசிகர்களுக்கு 2004 மார்ச்சில் கெஃபன் நிறுவனம் ஒரு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பைத் தந்தது. அதைத் தடுக்கக் குழுவின் உறுப்பினர்களே முயன்று தோற்றார்கள். சில மாதங்களில் இந்தத் தகடு வந்தது. இதையும் தடுக்கக் கோரி ஆக்சல் ரோஸ் தரப்பு நீதிமன்றத்தை நாடியது, தடை கிடைக்கவில்லை. புகழ் பெறும் முன் செய்த பயிற்சிப் பதிவுகளை அந்தக் கலைஞர் விரும்பாமலே வெளியிடலாமா என்ற கேள்வி இங்கே எழாமல் இராது. அந்த ஒலிநாடாவில் வெபரின் உழைப்பும் இருக்கிறது. புகழ் தன்னைத் தொடாமல் போன ஒருவர், தான் வாசித்தது மக்கள் காதில் விழ வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. என் தராசு அவர் பக்கமே சாய்கிறது. தலைப்பில் குழுவின் பழைய பெயரைவிடப் புகழ்பெற்ற பெயர் பெரிதாக நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பான் ஜோவியின் கதையை இதனோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ‘ரன்அவே’ பாடலை ஜான் பான் ஜோவி 1982இல் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில், தன் உறவினரின் நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே, கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தார். அந்தப் பதிவே வானொலியில் ஓடி, 1984இல் முதல் ஆல்பத்திலும் இடம்பெற்றது. தரமான ஸ்டூடியோவில், அனுபவசாலிகளின் கைகளில் பிறந்த டெமோ அப்படியே விற்பனைச் சரக்காகிவிடும். ஹாலிவுட் ரோஸின் டெமோவுக்கு அந்த வாய்ப்பு ஒருபோதும் இருந்ததில்லை. இந்தப் பதிவால் குழுவுக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சில மாதங்களில் வெபர் வெளியேறினார், ஸ்லாஷும் அட்லரும் வந்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவே கலைந்தது. 1985 மார்ச்சில் டிரேசி கன்ஸின் எல்.ஏ. கன்ஸ் குழுவின் மிச்சமும் இதன் மிச்சமும் சேர்ந்துதான் புதிய பெயர் பிறந்தது. அந்தப் புதிய குழுவுக்கு கெஃபன் ஒப்பந்தம் கிடைத்தது 1986 மார்ச்சில்.

2018 பெட்டித் தொகுப்பு ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இதையும் வாங்க வேண்டுமா என்று கேட்கலாம். அந்தத் தொகுப்பில் 1986 ஜூனில் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் நாசரெத் குழுவின் மேனி சார்ல்டன் மேற்பார்வையில் பதிவான டெமோக்கள் நிறைய உள்ளன. ஒலித்தரத்தில் அவற்றோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் அவை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ஐவரும் சேர்ந்து ஓராண்டு மேடைகளில் அடிபட்ட பிறகு எடுத்தவை. அவற்றில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஏற்கெனவே கன்ஸ் அண்ட் ரோஸஸாக இருக்கிறது. இந்தத் தகட்டில் மட்டும்தான் அது இன்னும் வேறொன்றாக இருக்கிறது. ‘அப்பட்டைட்’ ஆல்பத்தை ஆண்டுக்கு ஒரு முறை கேட்பவர்களுக்கு இது தேவையில்லை; அதன் ஒவ்வொரு கிட்டார் நுழைவையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்குத் தேவை. கிளாம் மெட்டலில் பளபளப்பான பல்லவிகளை நாடுபவர்கள் ராட் பக்கம் போவதே மேல்.

வாங்கியவர்கள் பதினைந்து தடங்களையும் வரிசையாக ஓட விட வேண்டாம். ஒன்பதாவது தடத்துக்குள் நல்ல பாடல்களே சலித்துவிடும். முதல் ஐந்து முடிந்ததும் நிறுத்திவிட்டு, ‘லைஸ்’ தட்டிலிருந்து ‘ரெக்லெஸ் லைஃப்’ பாடலையும், 2018 வெளியீட்டிலிருந்து ‘ஷேடோ ஆஃப் யுவர் லவ்’ பாடலையும், ‘அப்பட்டைட்’ ஆல்பத்தின் பதினோராவது தடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்போது கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் காதால் பின்தொடர்ந்தால், கிரைஸ் முன்னால் ஓடிய இடங்களில் அட்லர் எங்கெங்கே காத்திருக்கிறார் என்பது தெளிவாகக் கேட்கும்.